தன் வீட்டில் தொலைந்த பயணி

லிஃப்ட்காரர் முப்பத்து மூன்று வருடமாக மேலேயும் கீழேயும் போய்வந்தவரே தவிர, பக்கவாட்டில் அதிகம் போனவரில்லை. பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும், எது மழை நாளில் கதவைத் திறக்க அடம்பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றார்கள். அவர் மனைவியை டீச்சர் என்றார்கள். ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவர். அடுத்த வருடம் ஓய்வு. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து ஆறு வருடமாகிறது. வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

ஒரு சாயங்காலம் டீச்சர் வழவழப்பான ஒரு புத்தகத்தை மேசைமேல் வைத்தார். ஐந்து நாடு, பதிமூன்று நாள், கூடவே வழிகாட்டி, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று அட்டையில் போட்டிருந்தது. சோப்பு வாங்கி வந்ததைச் சொல்வதுபோலத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“எனக்கு எழுதிக் குடுத்துட்டேன். உங்களுக்கு நீங்களே போய்ச் சொல்லிடுங்க. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

கல்யாணமான எவருக்கும் தெரியும், ‘உங்க இஷ்டம்’ என்பதைவிடக் கறாரான உத்தரவு உலகத்தில் கிடையாது. லிஃப்ட்காரர் அன்றிரவு சாப்பிடும்போது முழங்காலைப் பற்றிப் பேசினார். மறுநாள் காலையில் மருத்துவமனைக் கட்டடத்து லிஃப்டைப் பற்றிப் பேசினார். அதற்கடுத்த நாள், விமானத்தில் காது அடைத்துக்கொண்ட ஒரு ஆளைப் பற்றிப் பேசினார். டீச்சர் எல்லாவற்றுக்கும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை வயிற்றுவலி என்று சொல்லும்போது தலையாட்டுவதுபோலத் தலையாட்டினார்.

உண்மையான காரணத்தை லிஃப்ட்காரர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் எங்கே போனாலும் அங்கே ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கும். யாரோ இவருக்காகக் காத்திருப்பார்கள். சுற்றுலாவில் எல்லாமே ஓடிக்கொண்டிருக்குமே. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க ஒரு ஆளா?

சுற்றுலா அலுவலகம் அவர் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்தது. ‘வரவில்லை’ என்று சொல்லிவிட்டு அப்படியே லிஃப்டுக்கும் எண்ணெய் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினார். அங்கே இருந்தது ஒரே ஒரு பெண். தொலைபேசி எடுப்பதும் அவள்தான், படிவம் கொடுப்பதும் அவள்தான், வெளிநாட்டில் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடக்கும் வழிகாட்டியும் அவள்தான். அவள் நீட்டிய படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: வருகிறேன், வரவில்லை, யோசிக்கிறேன். லிஃப்ட்காரர் பேனாவை இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோனார். வரவில்லை என்று போடுகிறவர்கள் அதற்கான காரணத்தைப் பத்து வரிக்குக் குறையாமல் எழுதித் தரவேண்டும் என்று அந்தப் பெண் பணிவாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு லிஃப்ட்காரர் சேர்ந்தாற்போல் பத்து வரி எழுதியதில்லை. பேனா தானாக மூன்றாவது கட்டத்துக்கு நகர்ந்தது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. யோசிப்பவர்களுக்காகவே ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை ஒத்திகைச் சுற்றுலா நடப்பதாகச் சொன்னாள். அதே பேருந்து, அதே குடை, அதே விதிகள். ஊர் மட்டும் இந்த ஊர். காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளிநாட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். முடிவில் மனம் தெளிந்துவிடும்.

“பாதி வழியில திரும்பிப் போகணும்னு அழுதவங்க எல்லாம், யோசிக்காம வந்தவங்கதான் சார்,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் என்ன ஆயிற்று என்று கேட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று லிஃப்ட்காரர் சொன்னார். பொய்யில்லை. ஆனால் சனிக்கிழமை காலையில், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்ற வேண்டும், வர நேரமாகும் என்று சொன்னாரே, அது முழுப் பொய். டீச்சர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள் என்றார்.

ஒத்திகைக்கு இருபத்தோரு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி, கழுத்தில் மாட்ட ஒரு எண். லிஃப்ட்காரருக்குப் பதினேழு. கவனம் சிதறக்கூடாது என்று வழிகாட்டிப் பெண் எல்லோருடைய கைபேசிகளையும் ஒரு துணிப்பையில் வாங்கிப் பேருந்தின் முன்னால் மாட்டினாள். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக லிஃப்ட்காரரை யாரும் கூப்பிட முடியாத ஒரு நாள். சட்டைப்பை லேசாக இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர். எண் நான்கு. இது அவருக்கு ஒன்பதாவது ஒத்திகை. இன்னும் யோசித்து முடியவில்லையா என்று லிஃப்ட்காரர் கேட்டார். யோசித்தெல்லாம் எப்போதோ முடிந்தாயிற்று, வெளிநாட்டுக்குப் போகிற எண்ணமே கிடையாது, ஆனால் அதைச் சொல்லிவிட்டால் ஒத்திகைக்குக் கூப்பிடமாட்டார்களே என்றார் அவர். ஜன்னலோர இருக்கை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், தான் எல்லாவற்றையும் எட்டு தடவை பார்த்தாயிற்று என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

வழிகாட்டிப் பெண் மூன்று விதிகளைச் சொன்னாள். குடை போகும் இடத்துக்குத்தான் போகவேண்டும். உள்ளூர்க்காரர்களிடம் நேரடியாகப் பேசக்கூடாது. வெளிநாட்டில் பாஷை புரியாது என்பதால் எதுவானாலும் அவள் மூலமாகத்தான். மூன்றாவது விதியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“தொலைஞ்சு போயிட்டா, தேடிக்கிட்டு அலையாதீங்க. தொலைஞ்ச இடத்துலயே நில்லுங்க. நான் வந்து கண்டுபிடிப்பேன்.”

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய வார்த்தை. பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து அவர் ஆயிரம் தடவை சொன்னதும் இதுதான்: ஏறிக் குதிக்க வேண்டாம், அப்படியே இருங்கள், நான் வருகிறேன். அந்தப் பெண்மேல் அவருக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

முதலில் ஊரின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். அதைக் கட்டிய பொறியாளருக்கு நீச்சல் தெரியாது என்று வழிகாட்டி சொன்னாள். அது உண்மையா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். அந்தத் தொட்டிக்குக் கீழே தினமும் இரண்டு தடவை போகிற லிஃப்ட்காரரும் பார்த்தார். அதில் ஏற ஒரு ஏணி இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. அடுத்தது ரயில்வே நடைமேம்பாலம். அங்கே படம் எடுக்க ஏழு நிமிடம். கைபேசி இல்லாததால், கையைச் சதுரமாக வைத்துப் படம் எடுப்பதுபோலப் பழகிக்கொள்ளச் சொன்னாள். இருபத்தோரு பேரும் மேம்பாலத்தில் நின்று விரல் வழியாகச் சரக்கு ரயிலைப் பார்த்தார்கள். ரயில் ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது இடம், உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீடு. எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கே ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சுற்றுலாவின் சிறப்பு என்று வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேருந்து ஒரு தெருவுக்குள் திரும்பியது. முனையில் ஒரு மருந்துக்கடை. பிறகு, பாதி வெள்ளையடித்து நிறுத்திய ஒரு சுவர். லிஃப்ட்காரருக்கு அடிவயிற்றில் லிஃப்ட் இறங்கியது. அது அவருடைய தெரு. பேருந்து நின்றது அவருடைய வீட்டு வாசலில்.

தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு பதினாறாம் எண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து இறங்கினார். கதவைத் திறந்தது டீச்சர்தான். நல்ல புடவை, படியச் சீவிய தலை. ‘வருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த அன்றே, ஒத்திகைக்கு வீட்டைக் காட்ட முடியுமா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள்; டீச்சரும் சரி என்றிருக்கிறார். இருபத்தோரு மஞ்சள் தொப்பிகளையும் டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழாவது தொப்பியிடம் வந்தபோது கண் ஒரு நொடி நின்றது, பதினெட்டாவதுக்குப் போய்விட்டது. முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்த முகம். அதில் ஒன்றும் தெரியவில்லை.

“வாங்க, எல்லாரும் செருப்ப வரிசையா விடுங்க,” என்றார்.

தன் வீட்டுக்குள் லிஃப்ட்காரர் வரிசையில் நுழைந்தார். வழிகாட்டி குடையை மடக்கி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டினாள். இது இந்தக் குடும்பம் சாப்பிடும் மேசை. இது இவர்கள் தேதி பார்க்கும் நாட்காட்டி. கிழிக்க மறந்து நான்கு நாளாகிறது, இங்கே வாழ்க்கை நிதானமாகப் போகிறது என்று தெரிகிறது. இருபது பேர் நாட்காட்டியை விரல் சதுரத்துக்குள் அடக்கினார்கள். அதைக் கிழிக்க வேண்டியவர் கைகட்டி நின்றார். சுவரில் கல்யாணப் படம் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் அதன் கிட்டே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பையன் பாவம், பயந்தாற்போல் இருக்கிறானே என்று லிஃப்ட்காரரின் காதில் சொன்னார். லிஃப்ட்காரரும் ஆமாம் என்றார்.

வீட்டுக்காரர் எங்கே என்று யாரோ கேட்டார்கள். வழிகாட்டி அதை டீச்சரிடம் கேட்டாள்.

“வேலைக்குப் போயிருக்கார். ஏதோ கயிறு மாத்தணுமாம்,” என்றார் டீச்சர். கண் பதினேழாம் எண்மீது இருந்தது.

“கயிறு மாத்தப் போயிருக்காராம்,” என்று வழிகாட்டி எல்லோருக்கும் சொன்னாள்.

கேள்விகள் தொடர்ந்தன. எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்? ஐந்தரைக்காம். தண்ணீர் காலையில் வருமா, மாலையிலா? மாலையிலாம். ஒரே பாஷையில் கேட்ட கேள்வி அதே பாஷையில் டீச்சரிடம் போய், பதில் மறுபடி அதே பாஷையில் திரும்பி வந்தது. யாருக்கும் அது விநோதமாகத் தெரியவில்லை. லிஃப்ட்காரருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைத் தூக்கினார்.

“வெளிநாடு போகணும்னு இவங்களுக்கு அப்படி என்ன ஆசைன்னு கேளுங்க.”

வீட்டில் கேட்டிருக்கலாம். இந்த மூன்று வாரமாக, காது அடைப்பதைப் பற்றிச் சொன்னாரே தவிர, இதைக் கேட்கவில்லை. வழிகாட்டி டீச்சர் பக்கம் திரும்பிக் கேள்வியை அப்படியே கேட்டாள். டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

“முப்பது வருஷமா பிள்ளைங்கள பிக்னிக் கூட்டிட்டுப் போறேன். பூங்கா, மிருகக்காட்சிசாலை, கடற்கரை, எல்லாம் போயிருக்கேன். எதையும் பாத்ததில்ல. எண்ணிக்கிட்டே இருப்பேன். நாப்பத்திரண்டு, நாப்பத்தொண்ணு, எங்க அந்த ஒண்ணு, இதே வேலை. யானை எந்தப் பக்கம் நின்னுச்சுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஒரு தடவையாவது நான் பாட்டுக்கு வேடிக்கை பாக்கணும். என்னை வேற யாராவது எண்ணட்டும்.”

வழிகாட்டி பயணிகள் பக்கம் திரும்பினாள். “தன்னை யாராவது எண்ணணுமாம்,” என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, பன்னிரண்டு நிமிடம் முடிந்தது, குடைக்குப் பின்னால் வாருங்கள் என்றாள்.

லிஃப்ட்காரரும் குடைக்குப் பின்னால்தான் போயிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு வருடம் ஒருவரோடு குடித்தனம் நடத்திவிட்டு, அவர் யானையைப் பார்த்ததில்லை என்பது வழிகாட்டி மூலமாகத் தெரியவந்தால் எந்த மனிதருக்கும் முகம் கழுவத் தோன்றும். சொந்த வீடு, கால்கள் அவரைக் கேட்காமலே பின்கட்டுக் குளியலறைக்குப் போய்விட்டன. முகத்தைக் கழுவி, கொடியில் கிடந்த தன் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், வீடு காலி. வாசலுக்கு ஓடினார். பேருந்து தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

டீச்சர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது லிஃப்ட்காரர் செய்திருக்கக்கூடிய காரியங்கள் பல. தொப்பியைக் கழற்றிக் கைலிக்கு மாறியிருக்கலாம். டீச்சரின் கைபேசியை வாங்கி அலுவலகத்துக்குப் பேசியிருக்கலாம். ஆனால் அவர் தொழிலில் விதி என்றால் விதி. ஏறிக் குதித்தவர்கள்தான் காலை உடைத்துக்கொண்டார்கள். இருந்த இடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். கூடத்து நாற்காலியின் நுனியில், வேற்றுவீட்டில் உட்காருவதுபோல, தொப்பியோடு உட்கார்ந்தார்.

“நான் தொலைஞ்சு போயிட்டேங்க,” என்றார்.

டீச்சர் துடைப்பதை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். இந்த ‘ங்க’ எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

“அப்ப உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?”

“உங்களுக்குச் சிரமமில்லைன்னா.”

டீ வந்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். சர்க்கரை போதுமா என்று டீச்சர் கேட்டார். இத்தனை வருடத்தில் கேட்டதேயில்லை, போதாது என்பது அன்றுதான் தெரிந்தது. எந்த ஊர், என்ன வேலை என்று டீச்சர் விசாரித்தார். லிஃப்ட்காரர் வேலையைப் பற்றிச் சொன்னார். மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் எப்படி முழிப்பார்கள் என்று சொன்னார். கல்யாண மண்டபத்து லிஃப்டில் நாதஸ்வரக்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டு, முகூர்த்த நேரம் தவறக்கூடாது என்று உள்ளே இருந்தபடியே வாசித்ததைச் சொன்னார். இதை ஏன் வீட்டில் சொன்னதில்லை என்று கேட்கப்போன டீச்சர் நிறுத்திக்கொண்டு, உங்கள் வீட்டில் இதையெல்லாம் சொல்வீர்களா என்று கேட்டார். வீட்டுக்குப் போகும்போது அசதியாகிவிடும் என்றார் லிஃப்ட்காரர். இப்படியே மணி நான்கானது.

நான்கரைக்கு வாசலில் மணி அடித்தது. வழிகாட்டிப் பெண் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். பக்கத்தில், கழுத்தில் அளவு நாடாவோடு, அடுத்த வீட்டுத் தையல்காரர். என்ன கூட்டம் என்று எட்டிப்பார்க்க வந்தவரைக் கூட்டம் அப்படியே பேருந்துக்குள் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், குடித்தார். எண்ணிப் பார்த்தபோது இருபத்தொன்று சரியாக இருந்திருக்கிறது. ஆறாவது இடத்தில்தான் ஒரு தலைக்குத் தொப்பி இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். தையல்காரருக்கு மட்டும் வருத்தமே இல்லை. மீன்பண்ணை பிரமாதம் என்றார்.

“அம்மா, மஞ்சத் தொப்பி போட்ட ஒருத்தர் இங்க இருக்காரா? பதினேழாம் நம்பர்,” என்று கேட்டாள் வழிகாட்டி. அழுகை முட்டியது.

“ஆள் எப்படி இருப்பாரு?”

“அமைதியான மனுஷர்மா. எதைச் சொன்னாலும் ஆச்சரியமா பாத்தாரு. மத்தவங்க சொல்றத கவனிச்சுக் கேப்பாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல.”

டீச்சர் வெகுநேரம் யோசித்தார்.

“அப்படி ஒருத்தர் இந்த வீட்ல இல்லையேம்மா,” என்றார்.

உள்ளேயிருந்து லிஃப்ட்காரர் இருமினார். வழிகாட்டி பாய்ந்து உள்ளே வந்தாள். தொலைந்த இடத்திலேயே, தொப்பி கலையாமல் உட்கார்ந்திருந்தவரைக் கண்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடத்தில் மூன்றாவது விதியைக் கடைப்பிடித்த முதல் பயணி இவர்தானாம். மற்றவர்கள் எல்லோரும் தேடிக்கொண்டு அலைந்து, இரண்டு ஊர் தள்ளித்தான் கிடைத்திருக்கிறார்கள்.

டீச்சர் அவளுக்கும் டீ கொடுத்தார். தலையை எண்ணினால் இப்படித்தான் ஆகும், முகத்தை எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எண்ணும்போது ஒவ்வொரு முகத்திலும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இவளுக்கு முன்பல், இவனுக்குத் தழும்பு என்று. அந்தப் பெண் கண்கொட்டாமல் கேட்டுவிட்டு, வெளிநாட்டில் எண்ணுகிற வேலையை டீச்சரே பார்த்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். டீச்சர் முகம் ஒன்றாம் வகுப்பு முகமாகிவிட்டது. முடியவே முடியாது என்றார்.

அப்போதுதான் லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். படிவம் கையில் இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். இருந்தது. ‘வருகிறேன்’ கட்டத்தில் அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

“மத்த எல்லாரையும் நீ எண்ணிக்கம்மா. அந்த ஒரு ஆள நான் எண்ணிக்கிறேன்,” என்றார்.

டீச்சர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒத்திகை புறப்பட்ட இடத்தில்தான் முடிய வேண்டும் என்பது விதி. ஆகவே லிஃப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவிடம் வருகிறேன் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினார். அலுவலக வாசலில் இறங்கி, தொப்பியை ஒப்படைத்து, டவுன் பஸ் பிடித்து மறுபடி வீட்டுக்கு வந்தார். கூடவே வந்த தையல்காரர் அங்கேயே நின்று ‘யோசிக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கிளம்பினார்கள். முதல் நான்கு நாடுகளில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார்கள். ஐந்தாவது நாட்டில் ஒரே மூடுபனி. வலது பக்கம் உலகத்திலேயே அழகான மலை ஒன்று இருக்கிறது, இன்றைக்குத் தெரியாது, என்னை நம்புங்கள் என்று வழிகாட்டி ஒலிபெருக்கியில் சொன்னாள். எல்லோரும் நம்பி, வெள்ளையாக இருந்த ஜன்னலைப் படம் எடுத்தார்கள். லிஃப்ட்காரர், டீச்சருக்குக் காட்டலாம் என்று திரும்பினார். டீச்சர் வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். பேருந்தில் டீச்சர் தூங்கி அவர் பார்த்ததில்லை. ஒன்று, என்று மனதுக்குள் எண்ணிவிட்டு, எழுப்பாமல் மலை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.